பகல் மலைக்கு, இரவு வன்னிக்கு

இலங்கையை ரயிலில் சுற்றிக் காட்டும் பயணத் திட்டங்களில் எதை எடுத்துப் பார்த்தாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். கொழும்பு, கண்டி, நானுஓயா, எல்ல. அங்கிருந்து வாகனத்தில் தென்கரை. யாழ்ப்பாணத்தையும் சேர்த்துக்கொள்பவர்கள் அதைக் கடைசி ஓரிரு நாளில் செருகுவார்கள். அங்கே போகும் வழி இரவுத் தபால் ரயிலாக இருக்கும். இல்லையென்றால் யன்னல் திறக்காத குளிரூட்டிய பெட்டியாக இருக்கும். மதவாச்சி தாண்டி ஆனையிறவு வரை விரியும் வன்னிப் பெருநிலத்தைப் பயணி தூங்கிக்கொண்டே கடக்கிறார். பகல் ரயிலில் விழித்திருந்தாலும், வழிகாட்டி அடுத்த விடுதிக்குத் தொலைபேசி எடுத்து அறைக் கணக்குச் சொல்வது பெரும்பாலும் இந்தத் துண்டில்தான்.

வன்னியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டு இதை முடித்துவிடலாம். வன்னியில் பிறந்து வளர்ந்தவர்களே அப்படிக் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு பாதையின் எந்தத் துண்டுக்குப் பகல், எந்தத் துண்டுக்கு இரவு என்று பிரித்ததில் அழகுக்கு இருக்கும் பங்கு நாம் நினைக்கும் அளவு பெரியதல்ல. ஏற்றம், வேகம், போர், அனுமதிப் பத்திரம், வழிகாட்டி படித்த பாடம் என்று பலதும் சேர்ந்து பிரித்த பிரிவு அது.

முதலில் சுற்றுலாவையே பார்ப்போம். வழிகாட்டியோடு போகும் ரயில் பயணத்தின் விலையில் ரயில் கட்டணம் மிகச் சிறிய பங்கு. பதிவு செய்த ஆசனம், ஒரு ரயிலில் இறங்கி இன்னொன்றைப் பிடிக்கும் இடைவெளியில் கூட நிற்க ஒரு ஆள், பொதி சுமக்க ஒரு வாகனம், நேரத்துக்குச் சாப்பாடு, ரயில் பிந்தினால் பதில் சொல்ல ஒரு வாய் என்று மீதியெல்லாம் அதற்கே போகிறது. மலையகப் பாதையில் ஆசனம் கிடைப்பதே பெரிய காரியம். எல்லவுக்குப் போகும் ரயில்களின் முற்பதிவு திறந்த சில விநாடிகளில் தீர்ந்துபோகிறது என்ற முறைப்பாடும், கறுப்புச் சந்தை விசாரணைகளும் அண்மைக் காலச் செய்திகள்.

உலகில் இந்தத் தொழில் இரண்டு விதமாக நடக்கிறது. கனடாவின் ரொக்கி மவுண்டனியர் பகலில் மட்டும் ஓடும்; இருட்டினால் பயணிகளைக் கம்லூப்ஸ் போன்ற ஊரில் இறக்கி விடுதியில் படுக்கவைத்து, காலையில் மறுபடி ஏற்றும். சுவிட்சர்லாந்தின் கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெயரில் எக்ஸ்பிரஸ் இருந்தாலும், செர்மாட்டிலிருந்து சென் மொரிட்ஸ் போக எட்டு மணிநேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த மெதுவைத்தான் அது விற்கிறது. இங்கெல்லாம் பாதையே காட்சி. இந்தியாவில் 1982இல் தொடங்கிய பேலஸ் ஆன் வீல்ஸ் நேர்மாறு. இரவில் ஓடி, பகலில் நகரங்களைக் காட்டும். ரயில் என்பது ஓடும் விடுதி. இலங்கையில் ஒரே சுற்றுலாவுக்குள் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. மலைக்கு முதல் விதம், வடக்குக்கு இரண்டாவது.

மலைக்கு முதல் விதம் பொருந்தியது பொறியியலால். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 1864இல் ஓடத் தொடங்கிய ரயில், 1867இல் கண்டியை எட்டியது. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் அந்தப் பாதை. பாதை மேலே ஏற ஏறக் கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, பிறகு முப்பது ஆண்டு கழித்து 1924இல் பதுளை. நாற்பத்து நான்கு அடி போனால் ஓர் அடி ஏறும் சரிவு. எஞ்சின் தன் கடைசிப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வளைவு. பட்டிப்பொலவில் பாதை சுமார் 1,890 மீற்றர் உயரத்தைத் தொடுகிறது. தெமோதரவில் ரயில் ஸ்டேசனைக் கடந்து, சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. டார்ஜிலிங், ஊட்டி போல இது பொம்மை ரயில் அல்ல; 1,676 மில்லிமீற்றர் அகலப் பாதை. காங்கேசன்துறையில் நிற்கும் பெட்டியை மாற்றமில்லாமல் பதுளைக்கு இழுத்துப் போகக்கூடிய அதே அகலம். இப்படிப்பட்ட பாதையில் யாராலும் வேகமாகப் போக முடியாது. கொழும்பிலிருந்து பதுளைக்கு இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். பத்து மணிநேரம் போகும். அந்தப் பத்து மணிநேரத்தைச் சுற்றுலாக்காரர்கள் பொன்னாக்கிவிட்டார்கள்.

வடபாதையின் கதை வேறு. பொல்காவலையில் மலைப்பாதையை விட்டுப் பிரிந்து, குருநாகல், மாகோ, அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று 339 கிலோமீற்றர் ஓடிக் காங்கேசன்துறையில் முடிகிறது. கட்டியபோது இரண்டு முனையிலிருந்தும் கட்டினார்கள். குடாநாட்டுத் துண்டு 1902இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. கொழும்பிலிருந்து முதல் ரயில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1905 ஓகஸ்ட் 1இல். நடுவில் இருந்த வன்னி கடைசியாக இணைந்த துண்டு: காடு, மலேரியா, சிதைந்த குளங்கள், ஆங்காங்கே சில ஊர்கள். அன்றைய கணக்கில் வன்னி ரயில் கடக்க வேண்டிய தூரம், அவ்வளவுதான். இரணைமடுக் குளமும் அதன் கீழ்க் குடியேற்றங்களும் ரயில் வந்த பிறகு எழுந்தவை. கிளிநொச்சி நகரம் 1930களில் உருவானது. ஊர் இருந்து ஸ்டேசன் வந்த இடங்கள் மலைநாட்டில் உண்டு. வன்னியில் ஸ்டேசன் நின்ற இடத்துக்கு ஊர் வந்து சேர்ந்தது. பின்னர் ஆனையிறவு உப்பும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் வந்து, தெற்கே ஏற்றி அனுப்ப ஏதோ இருக்கிறது என்ற நிலையும் உண்டானது.

1956 ஏப்ரல் 23இல் கொழும்புக்கும் வடக்குக்கும் இடையிலான யாழ்தேவி கடுகதி ஓடத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்கள் அந்தக் காலத்தில் இறங்கியவை. அவற்றுக்கு ஒன்டாரியோ, அல்பேர்டா என்று கனடிய மாகாணப் பெயர்களே சூட்டப்பட்டன. வன்னிச் சனத்தில் பலரின் பிள்ளைகள் இன்று ஒன்டாரியோவில் இருப்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. கோடை விடுமுறைக்கு வரும் அந்தப் பிள்ளைகளே இன்று வடபாதைச் சுற்றுலாவின் நல்ல வாடிக்கையாளர்கள்.

பிறகு வந்தது எல்லோருக்கும் தெரிந்த போர்க்காலம். 1985 ஜனவரியில் முறிகண்டிப் பக்கம் யாழ்தேவி குண்டுவெடிப்பில் சிக்கிப் படையினரும் பொதுமக்களும் இறந்தார்கள். 1990 ஜூனோடு வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாகின; மண்மேடு மட்டும் பற்றை மூடிக் கிடந்தது. வன்னியில் இருபது வயது வரை ரயிலைப் படத்தில் மட்டும் பார்த்த ஒரு தலைமுறை வளர்ந்தது. அதே ஆண்டுகளில்தான் இலங்கையின் சுற்றுலா வரைபடம் இன்றைய வடிவத்தில் உறைந்தது. பயணக் கையேடுகள் அநுராதபுரத்தோடு வடக்கை முடித்தன. வழிகாட்டிப் பயிற்சி பெற்றவர்கள் மனப்பாடம் செய்த வழித்தடங்களில் வவுனியாவே வடக்கின் விளிம்பு.

மீண்டு வந்தது துண்டு துண்டாக. 2009 ஜூனில் தாண்டிக்குளம், 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறை. இந்தியக் கடனில் இர்கொன் என்ற இந்திய அரச நிறுவனம் கட்டியது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்த அதே ஒக்டோபரில், வெளிநாட்டவர் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதி மறுபடி நடைமுறைக்கு வந்தது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகே அது நீங்கியது. ரயிலைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திய அந்த மூன்று மாதம் சிறியதுதான். ஆனால் அடுத்த பருவத்துக்குத் திட்டம் போடும் பயண முகவருக்கு அது போதும். வடக்கைத் தொடாமல் விடுவது பாதுகாப்பு என்று எழுதி வைத்துக்கொள்வார்.

புதிய பாதை நல்ல பாதை. அதுவே சுற்றுலாவுக்குப் பாதகமாகவும் ஆனது. ஓமந்தைக்கு வடக்கே ரயில் மணிக்கு நூறு கிலோமீற்றரைத் தாண்டி ஓடக்கூடும். வண்ண விளக்குச் சமிக்ஞை, கொங்கிரீட் சிலிப்பர், நேர்கோடு. மலையில் இன்னும் பழைய முறை இருக்கிறது: மேடையில் ஸ்டேசன் அதிபர் பிரம்பு வளையம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். வளையத்தில் தோல் பை, பைக்குள் உலோக வில்லை. எஞ்சின் மெதுவாக நகரும்போது உதவியாளர் கையை நீட்டி வளையத்தை மாட்டிக்கொண்டு, பழைய வளையத்தை எறிவார். அந்த வில்லை கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேசன் வரை ஒற்றைப் பாதை அவர்களுக்கு உரியது. வெளிநாட்டுப் பயணிகள் இதைப் படம் எடுக்க எட்டிப் பார்த்துத் தள்ளுப்படுவார்கள். வன்னியில் சமிக்ஞை விளக்கு பச்சையாகிறது, ரயில் போகிறது. படம் எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் புதிய நுட்பம் எங்கே வந்தது, பழையது எங்கே தங்கியது, ஏன் என்று ஒரு வழிகாட்டி அரை மணிநேரம் பேசலாம்.

அந்த வேகத்தின் விலையை வன்னிக்காரர் அறிவார்கள். ரயில் இல்லாத இருபத்து சொச்சம் ஆண்டில் பாதைக்கு இருபுறமும் வயல், வீடு, மேய்ச்சல், குறுக்கு ஒழுங்கை எல்லாம் வந்துவிட்டன. திடீரென்று வேக ரயில் வந்தபோது கடவைகளில் மனிதர்கள் செத்தார்கள். பட்டி பட்டியாக மாடுகள் அடிபட்டன. காவலில்லாக் கடவைகளில் பொலிசின் கீழ் அமர்த்தப்பட்ட காப்பாளர்கள் நாளொன்றுக்கு 250 ரூபா கொடுப்பனவில் பல ஆண்டு நின்று, நிரந்தர நியமனம் கேட்டுப் போராடினார்கள். குளிரூட்டிய பெட்டிக்குள் இருப்பவருக்குக் கொடி பிடித்த ஒருவர் கண்ணாடியில் அரை விநாடி தெரிந்து மறைவார்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு இதுவே முக்கியம். சுற்றுலா அதிகாரசபை தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, சாரதி வழிகாட்டி என்று வகை வகையாக உரிமம் கொடுக்கிறது. சிறு குழுக்கள் பெரும்பாலும் சாரதி வழிகாட்டியோடுதான் போகின்றன. அவர் குழுவை நானுஓயாவில் ஏற்றிவிட்டுப் பொதிகளோடு வாகனத்தில் எல்லவுக்குப் புறப்படுகிறார்; ரயில் வரும்போது ஸ்டேசன் வாசலில் நிற்பார். அதாவது ரயிலுக்குள் சொல்ல ஆள் இல்லை. மலையில் அது குறையாகத் தெரிவதில்லை. சரிவும் மூட்டமும் பயணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சமவெளி அப்படியல்ல. பாலை மரமும் வீரை மரமும் நிற்கும் காட்டுக்கும், வெட்டி விட்ட வயலுக்கும், தாமரை மூடிய குளத்துக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் உண்டு.

சொல்ல என்ன இருக்கிறது என்றால், மலையின் கதையே இங்கேதான் இருக்கிறது. கோப்பித் தோட்டத்துக்கு வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, இந்தக் காடுகளினூடாக மாத்தளை வரை நடந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 1914இல் தலைமன்னார்ப் பாதை திறந்தபோது அந்த நடை ரயிலாக மாறியது: மண்டபம் முகாம், கப்பல், தலைமன்னார் இறங்குதுறை, மடு றோட், மதவாச்சி, பிறகு மலை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தபோது அதே பாதை எதிர்த்திசையில் நிறைந்தது. அட்டனிலும் தலவாக்கலையிலும் ஏறியவர்கள் பிரிந்த சொந்தங்களை நினைத்து அழுதுகொண்டே வந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அது மதவாச்சியில் திரும்பி, முருங்கன் வயல்களைக் கடந்துதான் தலைமன்னாருக்குப் போனது.

போகாதவர்களில் ஒரு பகுதியினர் வேறு வழியாக வன்னிக்கு வந்தார்கள். 1958, 1977, 1983 ஆண்டுகளின் கலவரங்களில் தோட்டங்களை விட்டு ஓடி வந்தவர்களுக்கு வவுனியாவும் கிளிநொச்சியும் காணி கொடுத்தன. காடு வெட்டி, கிணறு வெட்டிக் குடியேறினார்கள். கிளிநொச்சியில் தொண்டமான் நகர் என்று ஓர் ஊரே இருக்கிறது. ஆகவே கிளிநொச்சியில் ஏறி அட்டனில் இறங்கும் ஒரு குடும்பத்துக்கு அது சுற்றுலா மட்டுமல்ல. பேரப்பிள்ளைகள் யன்னலில் படம் எடுத்துக்கொண்டிருக்க, பாட்டி எந்தத் தோட்டப் பிரிவில் எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என்று கண்ணால் தேடுவாள். மலையில் ஒன்றும் வன்னியில் ஒன்றுமாக இரண்டு ரயில் சுற்றுலா விற்பவர்கள் ஒரே வரலாற்றை நடுவில் அறுத்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

வன்னியிலிருந்து மலைக்குப் போகும் குழுக்கள், பாடசாலைச் சுற்றுலாவாக இருந்தாலும் கோயில் குழுவாக இருந்தாலும், கொழும்பு வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. பொல்காவலையில் இறங்கினால் போதும். கண்டிக்கும் பதுளைக்கும் போகும் ரயில்கள் அங்கே வரும். எல்லா நகர்சேர் கடுகதிகளும் அங்கே நிற்பதில்லை என்பதால் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இரவு ரயிலில் போனால் விடிவதற்கு முன்பே இறங்கி, மேடையில் வாங்கில் பிடித்து, கொண்டுவந்த இடியப்பப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் காலை ரயிலுக்குக் காத்திருக்கலாம். பொடி மெனிக்கே என்ற ரயில் கண்டிக்குள் போய்த் திரும்பி வரும். உடரட்ட மெனிக்கே பேராதனையிலிருந்து நேரே ஏறும். கண்டி பார்க்க விரும்பாதவர்களுக்கு இரண்டாவதுதான் வசதி. ஒன்று கவனித்தீர்களா, இந்தத் திட்டத்தில் நாங்களும் எங்கள் நிலத்துக்கு இரவைத்தான் ஒதுக்கியிருக்கிறோம்.

பகலில் கடப்பதென்றால் யாழ்தேவி இருக்கிறது. உத்தரதேவியும் இருக்கிறது, 2019இல் ஓடத் தொடங்கியது, சென்னை பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்த பெட்டித்தொகுதி. இறங்கிப் பார்ப்பதென்றால் வன்னியில் மூன்று இடத்தில் இறங்கலாம் என்பேன். முறிகண்டிப் பிள்ளையாரிடம் வாகனத்தில் வருபவர்கள் எல்லோரும் இறங்கிக் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்குவது வழக்கம். சுடுமணலில் வறுத்துச் சுளகில் புடைத்துப் பேப்பர்ச் சுருளில் கொடுக்கும் அந்தக் கச்சானைக் கொழும்புக்குக் கொண்டுபோகாத பயணி இல்லை. ஆனால் கடை வரிசை கண்டி–யாழ்ப்பாண ஏ9 வீதியில் இருக்கிறது. ரயிலுக்குள் இருப்பவருக்கு வாசம்கூட வராது. மாங்குளத்தில் இறங்கினால் முல்லைத்தீவு வீதி அங்கிருந்து கிழக்கே பிரிகிறது. ரயிலே போகாத முல்லைத்தீவு நகருக்கும், வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கும் போக அதுதான் வாசல். மூன்றாவது மடு றோட். 2013இல் அங்கு வரையும், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரையும் பாதை மீண்டது. ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்குச் சிங்களவரும் தமிழரும் ஒரே பெட்டியில் நெரிபட்டு வருவதைப் பார்க்க வேறு நல்ல இடம் நாட்டில் குறைவு. அதே பாதையில் தொடர்ந்தால் திருக்கேதீஸ்வரத்துக்கும் ஸ்டேசன் உண்டு.

தடை எங்கே என்றால், இறங்கிய பிறகுதான். மாங்குளத்தில் இறங்கும் இருபது பேர் கொண்ட குழுவுக்கு நல்ல கழிப்பறை, நிழல், பொதி வைக்க அறை, காத்திருக்கும் பஸ், மதியச் சாப்பாடு எல்லாம் யாராவது முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். எல்லவில் இவை எல்லாம் பயணிகளைத் துரத்திக்கொண்டு வந்தன. வன்னியில் பயணிகள் வரட்டும் பார்ப்போம் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். முகவர் கடைக்காரரைக் காத்திருக்கிறார், கடைக்காரர் முகவரை. அடுத்த ரயிலுக்கு இடையிலுள்ள மணிநேரங்கள் வேறு. மலையில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் ஊர் சுற்றலாம். மாங்குளத்தில் தவறவிட்டால் ஏ9 வீதிக்கு வந்து பஸ்ஸுக்குக் கைகாட்ட வேண்டியதுதான். இதையும் சொல்லாமல் வன்னியைப் புகழ்ந்து எழுதுவது நியாயமல்ல.

திட்டம் போடுபவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மாகோ–ஓமந்தைத் துண்டைத் திருத்த 2023இலும் 2024இலும் வடபாதை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் மண்சரிவால் அறுத்தது. இரண்டு பாதையையும் இணைத்துப் பயணம் போடும்போது அட்டவணையை நம்பி விடுதிக்கு முற்பணம் கட்டக் கூடாது. எந்தத் துண்டு ஓடுகிறது, எதற்கு வீதி என்று புறப்படும் வாரத்தில் ஸ்டேசனில் கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டியை அமர்த்துபவர்கள் இன்னும் ஒரு கேள்வி கேட்கலாம்: ரயிலுக்குள் எங்களோடு இருப்பீர்களா, வாகனத்தில் போவீர்களா?